செயலாளரின் ஆண்டறிக்கை: ஈரநிலத்தில் ஒரு நாள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஈரநிலக் காப்பகத்துக்குக் குடும்பங்களோடு பறவை பார்க்கப் போன நாளைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விடியும்போதே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் எல்லோரும் ஒரே கூட்டமாகப் பேசிக்கொண்டு கரையில் நடந்ததில், பக்கத்தில் மேய்ந்த வாத்துகள் மொத்தமாக எழும்பிப் பறந்துவிட்டன. பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. சரி என்று சிறு குழுக்களாகப் பிரிந்து, பறவை பார்க்கும் மறைவிடங்களில் போய் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"எல்லாம் ஏன் ஒரே இடத்தில் நிற்கவில்லை?" என்று ஒரு சிறுமி மெதுவாகக் கேட்டாள். அருமையான கேள்வி. சேற்று ஓரத்தில் உள்ளான்கள், கொஞ்சம் உள்ளே நெடுங்கால் உள்ளான், அதற்கும் அப்பால் சாம்பல் நாரை, ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும். காலும் அலகும் எட்டுகிற ஆழம்தான் அதனதன் இடம். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் சிறிய உள்ளான்களுக்கு இரை எட்டாது. பல காப்பகங்களில் மதகு வைத்து நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் சுமந்து போனதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குள் போட்டி. நீர்க்காகம் சிறகை விரித்து நின்றதற்கும் விளக்கம் கிடைத்தது. அதன் இறகின் வெளிப்பகுதி நனைந்துவிடும். அதனால் முங்குவது எளிது, கரையேறினால் உலர்த்தியாக வேண்டும்.

இளைப்பாறும்போது மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்ன செய்தி என்னை விட்டுப் போகவில்லை. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் இனத்து இளம் பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு வரை சுமார் 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்ததாம். அப்படிப் பறக்கக் கொழுப்பு சேர்ப்பது இதுபோன்ற சேற்றில்தான். காலையில் நாம் கலைத்த வாத்துகளை நினைத்து வருந்தினேன். தின்ன வேண்டிய நேரத்தில் அவற்றைப் பறக்க வைத்துவிட்டோம்.

அடுத்த முறை ஆறு பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. இரண்டாவது மறைவிடம் வரை பெரியவர்கள் சிலரால் நடக்க முடியவில்லை. முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியும் போதவில்லை. 8×42 அளவில் (எட்டு மடங்கு பெருக்குவது, முன்வில்லை 42 மி.மீ. அகலம்) இரண்டு வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். பத்து மடங்கு பெருக்குவது பிள்ளைகள் கையில் அதிகம் ஆடும்.

அன்று பிள்ளைகள் எழுதிய பறவைக் குறிப்பேடு மேசையில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

செயலாளர்