கழற்றி வைத்த பிரதி ஒன்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் கச்சேரி, பிரதேச செயலகம், பாடசாலை என்று எங்கே போனாலும் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது பற்றிய பேச்சுத்தான். நல்ல வேலை. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பறிகொடுத்துவிட்டு அலைந்த குடும்பங்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனை! ஆனால் ஸ்கேன் பண்ணியாயிற்று, கிளவுட்டில் (இணையவழிச் சேமிப்பில்) கிடக்கிறது, இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

2023 ஆகஸ்டில் எங்கள் நாட்டின் அரச கிளவுட்டிலேயே, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான். வலையமைப்போடு இணைந்திருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. வெளியே கழற்றி வைத்த பிரதி அந்த நாட்களுக்கு இருக்கவில்லை. தென்கொரியாவில் 2025 செப்டெம்பரில் அரச தரவு மையம் தீப்பிடித்தபோது அரச ஊழியர்களின் 858 டெராபைட் (ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜிகாபைட்) கோப்புகள் அழிந்தன. அவ்வளவு பெரிய அளவுக்கு வேறு பிரதி எடுக்க வழியில்லை என்று விட்டிருந்தார்களாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 18 டெராபைட் கொள்ளும் எல்டிஓ-9 என்ற வகைக் கணினித் தரவுக் காந்த நாடாக்கள் 48 போதும். உள்ளங்கையளவு பெட்டிகள், ஒரு அலுமாரிக்குள் அடங்கிவிடும்.

நாடா என்றால் பழங்காலத்துச் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பாவின் சேர்ன் அணுத்துகள் ஆய்வுகூடம் தன் துகள் மோதல் தரவுகளை இன்றும் நாடாவில்தான் சேமிக்கிறது. 2011இல் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சிலருடைய அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை மீட்டதும் நாடாவிலிருந்துதான். இயந்திரத்திலிருந்து கழற்றி அலுமாரியில் வைத்த நாடாவை எந்த ஹேக்கரும் தொட முடியாது. மின்சாரமும் தேவையில்லை.

சரி, எங்கள் ஊரில் வைக்கலாமா? உப்புக்காற்றும் ஈரப்பதமும் நாடாவுக்கு ஆகாது. வீட்டில் கிடந்த பாட்டுக் கசெட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்ததைப் பார்க்காதவர் இங்கே யார்? ஏசி போட்டு ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய அறையில் ஒரு தொகுதி இருக்கட்டும். மற்றத் தொகுதி கடற்கரையை விட்டுத் தூரமாய், கண்டிப் பக்கம் போகட்டும். நல்ல முறையில் வைத்தால் 30 வருடம் தாங்கும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு.

நாடா மலிவு, அதை வாசிக்கும் இயந்திரம்தான் பல இலட்சம். ஒவ்வொரு அலுவலகமும் வாங்கத் தேவையில்லை. மாகாணத்துக்குப் பொதுவாக ஒன்றை வைத்து, பயிற்சி பெற்ற இருவரை நியமித்தால் தொடங்கலாம். இயந்திரத் தலைமுறை மாறும்போது பழைய நாடாக்களைப் புதியவற்றுக்கு மாற்றும் செலவையும் இப்போதே திட்டத்தில் எழுத வேண்டும். எல்டிஓ-9 இயந்திரம் தன் தலைமுறை நாடாவையும் அதற்கு முந்திய ஒரு தலைமுறை நாடாவையும் மட்டுமே வாசிக்கும்.

எங்கள் காணிப் பதிவுகளின் கழற்றி வைத்த பிரதி எங்கே இருக்கிறது, அதிலிருந்து கடைசியாக எப்போது ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தார்கள் என்பதை மாகாண நிர்வாகம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை