நோட்டைக் கொடுக்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கும் உன் அத்தை மகன், நீ படித்த காலத்தில் எழுதிவைத்த நிமோனிக் (நினைவில் நிறுத்த உதவும் சுருக்கச் சொற்கள்) நோட்டைக் கேட்கிறான். கொடுக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

மூளை நரம்புகள் 12-ஐயும் ஓர் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளில் கோத்து, விடியற்காலையில் என்னிடம் நீ ஒப்பித்தது நினைவிருக்கிறது. அவை மூளையில் முன்னிருந்து பின்னாக அமைந்திருக்கும் ஒழுங்கே அந்த வரிசை என்று நீ விளக்கியபோது, எனக்கு என் யாப்பு வகுப்புதான் நினைவுக்கு வந்தது. 'நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா' என்று முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் அல்லவா! தேமா என்னும் சொல்லை அசை பிரித்தால் அதுவே நேர் நேர். விதி மறந்துபோன மாணவனும் வாய்பாட்டிலிருந்தே அதை மீட்டுக்கொள்வான்.

மாரடைப்புக்கு நீ எழுதியிருக்கும் 'மோனா' அப்படிப்பட்டதன்று. (என் காதில் அது மோனை என்றே விழுகிறது.) மார்ஃபின், ஆக்சிஜன், நைட்ரேட், ஆஸ்பிரின் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் உச்சரிக்க வசதியாக நிற்கின்றனவே தவிர, எது முதலில், யாருக்கு, ஏன் என்பது அந்தச் சொல்லுக்குள் இல்லை. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், முதல் ஐந்து வாரங்களில் நேரும் இதய, இரத்தக்குழாய் மரணங்களை ஏறத்தாழக் கால் பங்கு குறைத்த ஆஸ்பிரின் கடைசியில் நிற்கிறது. மாரடைப்பு என ஐயுறப்பட்ட 6,629 பேரிடம் சுவீடனில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வோ, இரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவர்களுக்கு அதைக் கொடுத்தும் ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்புகள் குறையவில்லை என்று காட்டியது. ஆனாலும் ஆக்சிஜனின் 'ஓ' நகரவில்லை, எடுத்தால் சொல் உடைந்துவிடுமே! நைட்ரேட் கொடுக்கும் முன், ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டெனாபில் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும், இதயத்தின் வலது கீழறை பாதிக்கப்பட்டிருந்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும் என்றெல்லாம் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னாய். அவற்றுக்கும் அந்த நான்கு எழுத்துகளில் இடமில்லை.

அதற்காக நோட்டையே பழிக்கவில்லை. இதயம் நின்றவரின் மார்பை அழுத்திக்கொண்டே காரணம் தேடும்போது, அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் காரணங்களின் பட்டியலான 'எச்'களும் 'டி'களும் கைகொடுத்ததாக நீயே சொல்லியிருக்கிறாய். அவை விடை தருவதில்லை. பொட்டாசியத்தைப் பார்த்தாயா, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கிறதா என்று கேட்கின்றன. பதற்றத்தில் விட்டுப்போவது அந்தக் கேள்விகள்தானே.

மோனா பக்கத்தின் ஓரம் காலியாக இருக்கிறது. அவனுக்கு வகுப்பு தொடங்குமுன், அங்கே சேர்க்க வேண்டியதை நான்கு வரிகளில் எழுதி அனுப்பு. என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா