அரசுப் பள்ளிகளில் கேள்வி கேட்கும் உரிமையையும் சிறுபான்மை மாணவர்களின் உரிமையையும் காக்க வேண்டி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்),
அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: அரசுப் பள்ளி வளாகங்களில் மதப் பிரச்சாரமும் மதச் சடங்குகளும் நடப்பதைத் தடுத்து, தெளிவான ஆணை பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 27 வருடம் அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கடவுள் நம்பிக்கை உள்ளவன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். படிப்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். யாருடைய சாமியின் மீதும் எனக்குக் குறை இல்லை. அரசாங்கச் செலவில் நடக்கும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் தப்பித்துப் போக முடியாத நேரத்தில், ஒரு மதத்தின் நம்பிக்கையைப் பாடம் போலச் சொல்லித் தருவதுதான் என் குறை.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த பள்ளியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி என்று வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். அப்புறம் பேச்சு திசை மாறியது. கை கால் விளங்காமல் போவதும் நோயில் விழுவதும் போன ஜென்மத்துப் பாவம் என்றார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். அப்பா அம்மாவுக்குச் செய்த தப்பையெல்லாம் நினைத்து அழச் சொன்னார். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். நான் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன். அப்போதே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேடையில் தலைமை ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்; வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் ஒரு மாணவன் லேப் வாசலில் வந்து நின்றான். "சார், எங்கம்மாவுக்குச் சின்ன வயசுல போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போச்சு. போன ஜென்மத்துல அவங்க என்ன பாவம் செஞ்சாங்க சார்?"

அவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். போலியோ ஒரு வைரஸ், அசுத்தமான தண்ணீர் வழியாகவும் உடம்புக்குள் போகும், தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்புச் செல்களைத் தாக்கும் என்று படம் போட்டுச் சொன்னேன். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் ஒரு குழந்தைக்கும் இயற்கையாகப் பரவும் வைரஸால் போலியோ வரவில்லை, 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்துவிட்டது, எல்லாம் சொட்டு மருந்தால் வந்தது என்றேன். "உங்கம்மா குழந்தையாக இருந்தப்போ அந்த மருந்து அவங்களுக்குக் கிடைக்கலப்பா, அவ்வளவுதான். பாவம் ஒண்ணும் இல்ல." தலையாட்டிக்கொண்டே கேட்டான். எழுந்து போகும்போது, "அப்ப நேத்து அவர் அப்படிச் சொன்னப்பவே நீங்க ஏன் சார் ஒண்ணும் சொல்லல?" என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

2024 ஆகஸ்ட் மாதம் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் இதே மாதிரிப் பேச்சு நடந்தபோது, பார்வைத்திறன் குறைந்த ஓர் ஆசிரியர் எழுந்து கேள்வி கேட்டார். நான் செய்யத் தவறியதை அவர் செய்தார். அந்தக் காணொளியைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அதன் பிறகு அரசு நடவடிக்கை எடுத்தது. பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய நெறிமுறைகள் வகுக்கப்படும் என்று மாண்புமிகு முதலமைச்சர் அறிவித்தார். மனதார வரவேற்கிறேன். ஆனால் அன்று ஓர் ஆசிரியர் தனியாளாக நின்று கேட்க வேண்டியிருந்தது. ஒருவருடைய துணிச்சலை நம்பி மட்டும் பிள்ளைகளை விட முடியாது. கேட்கும் ஆசிரியருக்குப் பின்னால் எழுத்தில் ஓர் ஆணை இருக்க வேண்டும்.

இன்னொன்று. பொதுத்தேர்வு நெருங்கினால் சில பள்ளிகளில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் தட்டில் அடுக்கிப் பூஜை போடுவது வழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள், சந்தேகமில்லை. நானும் ஒரு வருடம் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு மாணவி. திருநீற்றுத் தட்டு அவளிடம் வந்தது. தோழிகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், விரலில் தொட்டு நெற்றியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயடியில் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவளை யாரும் வைக்கவும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், முஸ்லிம்கள் 5.86 சதவீதம். 40 பேர் படிக்கும் வகுப்பில் சராசரியாக நாலைந்து பேர். மதம் வேண்டாம் என்று வளர்க்கப்படும் பிள்ளைகளும் உண்டு. 35 பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஐந்து பேர் என்ன செய்வார்கள்?

இதையே எந்த மதத்தார் செய்தாலும் என் மனு இதேதான். நோட்டுப் புத்தகம் இலவசமாகக் கொடுக்கிறோம் என்று வந்து ஜெப வாசகம் அச்சிட்ட புத்தகத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் தவறுதான்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28(1)ஆம் பிரிவு. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் மற்ற பள்ளிகளில்கூட, மைனர் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்கிறது 28(3). அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்டு ஆராயும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 51ஏ(எச்) சொல்கிறது. அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை அகற்றச் சொல்லி 1968இல் அண்ணா அரசே சுற்றறிக்கை விட்ட மாநிலம் இது.

கேரளத்தில் 1985இல், தங்கள் மத நம்பிக்கை இடம் தராததால் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. மிகச் சிறிய ஒரு சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். பள்ளியில் ஒரு பிள்ளை தன் மனசாட்சிப்படி ஒதுங்கி நிற்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு எனக்குத் தெரியாது.

நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடமே இருக்கிறது. 2023இல் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது, நாம் வைத்திருக்கிறோமே என்று சந்தோஷப்பட்டேன். காலையில் அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, மதியம் அதே பிள்ளைகளை உட்கார வைத்து முற்பிறவிப் பாவத்தைப் பற்றிப் பேசவிட்டால், அவர்கள் எதை நம்புவார்கள்? பாடத்தை மார்க்குக்கு என்றும் மேடைப் பேச்சை வாழ்க்கைக்கு என்றும் பிரித்துக்கொள்வார்கள். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, வெளியாட்கள் யார் பேச வந்தாலும் என்ன பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழு பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும் என்று ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். பேச்சு முடிந்ததும் மாணவர்களும் ஆசிரியர்களும் கேள்வி கேட்க நேரம் ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். அப்படிக் கேட்ட ஆசிரியர் மீது நடவடிக்கையோ இடமாறுதலோ வராது என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தால், என்னைப் போல் வாய்மூடி நிற்பவர்கள் குறைவார்கள். பள்ளி வேலை நேரத்தில் வளாகத்துக்குள் ஹால் டிக்கெட் பூஜை, ஜெபக் கூட்டம் போன்றவை எந்த மதத்தின் பெயரிலும் கூடாது என்றும், 1968 சுற்றறிக்கையை நினைவுபடுத்தியும் முதன்மைக் கல்வி அலுவலர்கள் வழியாக எல்லாப் பள்ளிகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும். இப்படிப்பட்ட புகார்களைப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் தனியாகப் பதிவு செய்து, புகார் சொன்ன பிள்ளையின் பெயர் பள்ளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

இதில் ஏற்கெனவே ஆணைகள் ஏதும் பிறப்பிக்கப்பட்டிருந்தால், அவற்றின் நகலை ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் பெற்றோர் கண்ணில் படும்படி ஒட்டச் செய்து, எனக்கும் ஒரு நகல் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்