உள்ள இருந்து எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகுறேன். சிறைச் சட்டம், கைதிகளோட உரிமைன்னே என் சர்வீஸ் பூராவும் ஓடிடுச்சு, கிளம்புறதுக்கு முன்னாடி சிலருக்கு நன்றி சொல்லியே ஆகணும்.

முதல்ல உள்ள இருந்தவங்களுக்கு. பேரை வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்துதான் என் ஆராய்ச்சிக்குப் பேட்டியே எடுத்தேன், அதனால இங்கயும் சொல்லல, ஆனா படிச்சா உங்களுக்குத் தெரிஞ்சிடும். 2015-ல ஐ.நா. பொதுச்சபை ஏத்துக்கிட்ட மண்டேலா விதிகள், அதாவது கைதிகளை எப்படி நடத்தணும்ங்கிற விதிகள்ல, 43-வதும் 44-வதும் சேர்ந்து என்ன சொல்லுதுன்னா, ஒரு நாளைக்கு 22 மணி நேரமோ அதுக்கு மேலயோ சரியான மனுஷத் தொடர்பு இல்லாம அடைச்சு வச்சா அது தனிமைச் சிறை, தொடர்ந்து 15 நாளைத் தாண்டவே கூடாது. இதை நான் கிளாஸ்ல மனப்பாடமா நடத்துவேன். ஆனா ஒருத்தர் சொன்னாரு, கதவுல இருக்குற சின்னத் திறப்பு வழியா தட்டு வரும், கை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது, "அதையும் ஆளைப் பார்த்த கணக்குல எழுதிடுறாங்க சார்"னு. அன்னைக்கு என் கேள்வித்தாளே மாறிப்போச்சு. எத்தனை மணி நேரம் வெளிய விட்டாங்கன்னு கேக்குறதோட நிக்காம, கடைசியா உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது யாருன்னும் கேக்க ஆரம்பிச்சேன், என் ஆராய்ச்சியில உருப்படியானது எல்லாம் அந்தக் கேள்வியில இருந்து வந்ததுதான்.

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவுக்கும் நன்றி. படிக்கத் தெரியாதவங்களுக்கு அவங்க உரிமையை வாயாலயே சொல்லிப் புரிய வைக்கணும்னு 55-வது விதி இருக்கு, அதை யாரும் அங்க செய்யல, இவங்க காதால கேட்டதை வச்சே புதுசா வர்ற பெண்களுக்கு மனு எப்படிப் போடணும், வக்கீல் கிட்ட என்ன கேக்கணும்னு சொல்லிக்கொடுத்துட்டு இருந்தாங்க. எனக்கு அவங்க ஆசிரியர்தான்.

கடிதம் எழுதினவங்களை எப்படி மறப்பேன்? பேப்பரோட ரெண்டு பக்கமும் ஓரம் கூட விடாம எழுதியிருப்பீங்க. சுனில் பத்ரா திகார் ஜெயில்ல இருந்து இன்னொரு கைதிக்கு நடந்த சித்திரவதை பத்தி நீதிபதிக்கு எழுதின கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவா எடுத்துக்கிட்டு 1979-ல தீர்ப்பு சொல்லிச்சு, தனக்காக இல்ல, பக்கத்துல இருந்தவருக்காக எழுதினது. உங்க கடிதத்துலயும் பாதிக்கு மேல பக்கத்து செல்காரரைப் பத்திதான் இருக்கும்.

மனசு விட்டுப் பேசின வார்டர்கள், பேட்டியை எல்லாம் ராத்திரி உக்காந்து டைப் பண்ணின மாணவர்கள், பழைய தீர்ப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்த நூலகர், எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

இனிமே என் மாணவர்கள் இந்த வேலையைப் பார்ப்பாங்க. உங்க பேரு அவங்க கிட்டயும் பத்திரமா இருக்கும், என் கிட்ட பேசின மாதிரியே தைரியமா பேசுங்க.