மார்த்தா மால்ட் பெயரில் மாணவியர் விடுதி: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசுப் பள்ளி முன்னாள் மாணவியர் மற்றும் பெற்றோர்,
நாகர்கோவில்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: அரசு மாணவியர் விடுதி ஒன்றுக்கு மார்த்தா மால்ட் அம்மையார் பெயர் சூட்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டம் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முன்வரிசையில் இருப்பதை எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்கிறோம். பெண் பிள்ளைகளை இங்கே முதலில் பலகையில் உட்கார வைத்தவர்களின் பெயர் மட்டும் எந்த மேடையிலும் வருவதில்லை.

மார்த்தா மால்ட், தன் கணவரும் கிறிஸ்தவப் போதகருமான சார்லஸ் மால்ட் ஐயருடன் 1819 இறுதியில் நாகர்கோவில் வந்தவர். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தைச் சேர்ந்தவர். அதே காலத்தில் அந்த மிஷனின் இன்னொரு போதகரான மீட் ஐயரின் மனைவி ஜோஹன்னா மீட் தொடங்கிய பெண் கல்விப் பணியில் இவரும் சேர்ந்து, பெண்கள் விடுதிப் பள்ளியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அன்றைய தெற்குத் திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்று தங்களுக்குத் தெரியும். சாதி பார்த்துத்தான் வழியில் நடக்க விடுவார்கள். மார்பை மறைக்கத் தோள்சீலை அணிந்ததற்காகப் பெண்கள் அடி வாங்கினார்கள். மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்ற காலம் அது. பெண்ணுக்கு எதற்கு எழுத்து என்று பெற்றோரே கேட்டார்கள். அந்த ஊரில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்து, சோறும் துணியும் கொடுத்து, வாசிப்பும் கணக்கும் தையலும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

1821-இல் தொடங்கிய லேஸ் பின்னல்தான் இதில் முக்கியமானது. உருளைத் திண்டு ஒன்றின்மேல் வடிவத்தை விரித்து ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். கண் வலிக்கும் வேலை, கை தவறினால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பின்னியதை விற்றதில் பிள்ளைகளுக்கும் கூலி கிடைத்தது. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துச் சில அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கியதாக மிஷன் வரலாறு பதிவு செய்திருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முழுதாக ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே நம் ஊர்ப் பெண்கள் கட்டையும் நூலும் வைத்து அதைச் சாதித்திருக்கிறார்கள்!

கால்டுவெல்லைத் தெரியாத தமிழர் குறைவு. அவர் மனைவி எலைசா, நாகர்கோவிலில் பிறந்த மார்த்தாவின் மகள். அம்மாவிடம் கற்ற லேஸையும் பெண்கள் பள்ளியையும் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குக் கொண்டு போனவர் அவர்தான். மருமகன் பெயர் ஊரெங்கும் இருக்கிறது, மாமியார் பெயர் எங்கேயும் இல்லை.

மதம் பரப்ப வந்தவர்தானே என்று சிலர் கேட்கலாம். ஆமாம், அதற்காகத்தான் வந்தார், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் திறந்த கதவு வழியாக வந்த கல்வி ஒரு மதத்தோடு நின்றுவிடவில்லை. இன்று இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

நாங்கள் சிலை கேட்கவில்லை. சிலை வைத்தால் வருடத்துக்கு ஒரு மாலை, மீதி நாளெல்லாம் காக்கைக்கு. அரசு விடுதிகள் 2025-இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்றன. நாகர்கோவில் பகுதியில் உள்ள மாணவியர் விடுதிகளில் ஒன்றுக்கு ‘மார்த்தா மால்ட் சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். பெயர்ப் பலகையோடு நின்றுவிடாமல், அங்கே ஒரு சிறு நூலகமும் வேண்டும். வாசலில் அவர் வரலாற்றையும் ஜோஹன்னா மீட் பெயரையும் பத்து வரியில் எழுதி வைத்தால் போதும்.

அப்புறம், கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் லேஸ் பின்னலுக்கு ஒரு கண்ணாடிப் பேழை ஒதுக்க வேண்டும். திண்டும் கட்டைகளும் பழைய வீடுகளில் பரணில் கிடக்கலாம். மாவட்ட நிர்வாகம் ஓர் அறிவிப்பு கொடுத்தால் தேடிக் கொடுக்க ஆள் இருக்கும். இந்தப் பின்னல் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் பின்னுவதை ஒளிப்பதிவு செய்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட முடியாது.

பெரிய செலவு எதுவும் இல்லாத கோரிக்கை என்பதால் இந்தக் கல்வியாண்டுக்குள் நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மனுவின் நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பப்பட்டுள்ளது. கையெழுத்துத் தாள்கள் இணைப்பில்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசுப் பள்ளி முன்னாள் மாணவியர் மற்றும் பெற்றோர்,
நாகர்கோவில்.