ஒரு கல் தூரம் ஓட விடுங்கள்: மாரத்தான் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாரத்தான் நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த வருஷத்து ஃப்ளெக்ஸையும் பார்த்தேன். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர். சில ஊர்களில் 42-ம் உண்டு. டீ-ஷர்ட், பதக்கம், சான்றிதழ், ஓடி முடித்தவர்களுக்கு இட்லி பொங்கல் என்று குறைவில்லாமல்தான் செய்கிறீர்கள். அதோடு இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவே இந்த மடல். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு மைல் ஓட்டம் வையுங்கள். 1609 மீட்டர், அவ்வளவுதான்.

எங்கள் தாத்தா இதை மைல் என்றுகூடச் சொல்ல மாட்டார். கல் என்பார். "பள்ளிக்கூடம் மூணு கல்லு தூரம்" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எங்களுக்கு அறிவுரை உறுதி. சாலையோரக் கல்லை எண்ணி நடந்த தலைமுறை அது. கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்தத் தூரம் ஒழிந்துபோய்விடவில்லை. ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் இன்றும் பையன்களை 1.6 கிலோமீட்டர்தான் ஓடவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் அது மைல்தான். ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழுசாக 60 மதிப்பெண். நம் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், நேரம் 7 நிமிடம். ஆக, எந்த ஊர் மைதானத்துக்கு விடியற்காலையில் போனாலும் இதை ஓடிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையன்கள் இருப்பார்கள். அதே மைதானத்தின் வெளிச்சுற்றில் நாங்கள் இருப்போம். கையை வீசிக்கொண்டு, நேற்று பார்த்த சுகர் அளவையும் மனை விலையையும் பேசிக்கொண்டு.

எனக்கு இப்போது 52 வயது. ஐம்பதாவது வயதில், அலுவலக வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு உசுப்பேற்றியதில், ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். ஆறு வாரம் மட்டும் பயிற்சி. பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை ஓட்டம் மாதிரி ஏதோ ஒன்று நடந்தது. அப்புறம் நடை. பதினாறில் இடது முழங்கால் பேச ஆரம்பித்தது. மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில் கோட்டைத் தொட்டேன். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். ஃபேஸ்புக்கில் இருநூறு பேர் வாழ்த்தினார்கள். திங்கட்கிழமை அலுவலகப் படிக்கட்டைப் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிந்தது. முழங்கால் சரியாக இரண்டு மாதம் ஆனது. அந்தப் பதக்கம் இப்போது வண்டிச் சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது.

யார் மேலும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போனது நான்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். 21 கிலோமீட்டரைப் பாதி நடந்தே முடித்துவிட்டு வீரனாக வீட்டுக்குப் போகலாம். மைலில் அந்தப் பாச்சா பலிக்காது. நடந்தால் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் மைதானத்தில்தான். பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர் ஒருவர் இருக்கிறார். கழுத்தில் விசில், கையில் பழைய ஸ்டாப்வாட்ச். ஒரு நாள், "சார் தெனமும் வர்றீங்க, ஒரு நாளாவது நம்ம பயலுகளோட நாலு ரவுண்டு ஓடிப் பாருங்களேன்" என்றார். நாலு ரவுண்டு என்றால் ஏறக்குறைய ஒரு மைல். அரை மாரத்தான் முடித்தவனிடம் நாலு ரவுண்டா என்று சிரித்துக்கொண்டே நின்றேன். பையன்கள் பாய்ந்த வேகத்தில் நானும் பாய்ந்தேன். முதல் ரவுண்டு 1 நிமிடம் 50 விநாடி. இரண்டாவதில் தொண்டையில் இரும்பு ருசி. அது 2:40. மூன்றாவதில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன், 3:40. நான்காவதும் அதே கதை. மொத்தம் 11 நிமிடம் 52 விநாடி. பையன்கள் ஓடி முடித்து, சட்டை மாற்றி, முளைகட்டிய பயறு தின்றுகொண்டிருந்தார்கள். மிலிட்டரிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 11.52 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இத்தனைக்கும் அதற்கு முந்தின வருஷம்தான் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்திருந்தேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஓடவிட்டு இதயத்தைப் பார்க்கும் டிரெட்மில் டெஸ்டில் "நெகட்டிவ்", அதாவது அடைப்புக்கான அறிகுறி தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நெகட்டிவ் என்ற சொல்லைப் படித்ததும் நேராக ஹோட்டலுக்குப் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டவன் நான். மைலில் மாட்டிக்கொண்ட பிறகு அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து முழுசாகப் படித்தேன். கீழே சின்ன எழுத்தில் மெட்ஸ் என்று போட்டு ஒரு எண் இருந்தது. உங்கள் ரிப்போர்ட்டிலும் அநேகமாக இருக்கும், பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தி ஒரு மெட். அதைப் போல எத்தனை மடங்கு வரை உங்கள் உடம்பு தாக்குப்பிடித்தது என்பது அந்த எண். டாக்டரும் அதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஒரு மைலைப் பத்து நிமிடத்தில் ஓட ஏறக்குறைய 10 மெட் வேண்டும். எட்டு நிமிடத்தில் ஓட பன்னிரண்டரை. அப்படியானால் மைதானத்தில் நாலு ரவுண்டு ஓடினாலே அந்த எண் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும், டிரெட்மில்லும் ஒயர்களும் இல்லாமல். அடைப்பு இருக்கிறதா என்பதை ஓட்டம் சொல்லாது, அதற்கு டாக்டர்தான். திராணி எவ்வளவு என்பதைச் சொல்லும்.

இதை ஒரு பொழுதுபோக்குக் கணக்காக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் கூப்பர் கிளினிக் என்று ஒன்று இருக்கிறது. ஏரோபிக்ஸ் என்ற சொல்லை 1968-இல் பரப்பிய டாக்டர் கென்னத் கூப்பர் தொடங்கியது. அங்கே டிரெட்மில்லில் ஏறிய பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பதிவுகளை, பல பத்தாண்டுகள் கழித்து, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்து ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. அதை மைல் கணக்கிலேயே சொன்னார்கள். 55 வயதில் ஒரு மைலுக்கு 15 நிமிடம் எடுக்கும் ஆணுக்கு வாழ்நாளில் இதய நோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம். அதே வயதில் 8 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 10 சதவீதத்துக்கும் குறைவு. ஓடுவதால் மட்டுமே இது என்று சொல்லிவிட முடியாது. நன்றாக ஓடுகிறவர் புகை பிடிக்காதவராகவும் நல்ல வம்சத்தில் பிறந்தவராகவும் இருக்கலாம். ஆனாலும் 11.52 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்த எனக்கு அந்த நேரத்தில் புள்ளியியல் வாதம் எதுவும் தோன்றவில்லை.

அப்புறம் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று நாள். இரண்டு நாள், பக்கத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருபத்தைந்து நிமிடம். ஒரு நாள், 400 மீட்டர் கொஞ்சம் வேகமாக, 200 மீட்டர் நடை என்று ஆறு முறை. இதைத் தொடங்குவதற்கு முன் மூன்று மாதம் வெறும் மெதுவோட்டம்தான். மிலிட்டரிக்காரர் வேறு எதற்கும் விடவில்லை. கெண்டைக்கால் சதை மட்டும் மூச்சு பழகும் வேகத்தில் பழகாது, அதை அவசரப்படுத்தினால் பிடித்துக்கொள்ளும். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினான்கு மாதத்தில் 8:41. எடை ஏழு கிலோ குறைந்தது. அதைவிட, நாலு ரவுண்டையும் ஒரே மாதிரி 2:10, 2:10 என்று ஓடக் கற்றுக்கொண்டதில்தான் எனக்குப் பெருமை. முதல் ரவுண்டில் ஆசையை அடக்குவது அவ்வளவு சுலபமில்லை, ஓடிப் பார்த்தால் தெரியும். காவலர் தேர்வுப் பையன்களின் 7 நிமிட வேகத்தை மைலுக்கு நீட்டினால் ஏழரை நிமிடம் வரும். அதுதான் இப்போதைய பேராசை. ஐயர்லாந்துக்காரர் ஈமன் கோக்லன் 1994-இல், 41 வயதில், ஹார்வர்டு உள்ளரங்கில் 3 நிமிடம் 58.15 விநாடியில் மைல் ஓடினார். நாற்பதைத் தாண்டிய ஒருவர் நான்கு நிமிடத்துக்குள் வந்தது அதுதான் முதல் முறை. அவர் வழி வேறு, நம்ம வழி வேறு. ஆனால் தூரம் ஒன்றுதான் என்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். ஐம்பது வயது ஆளை மூச்சுமுட்ட ஓடவைத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஆனால் அதே ஆளை 21 கிலோமீட்டருக்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புகிறீர்களே? அவர் பதினைந்தாவது கிலோமீட்டரில் புறவழிச்சாலையில் தனியாக உட்கார்ந்துவிட்டால், ஆம்புலன்ஸ் அவரைத் தேடிக்கொண்டு போக வேண்டும். 400 மீட்டர் தடத்தில் எல்லோரும் கண்முன்னால் இருப்பார்கள். டாக்டரையும், நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவியையும் மைதானத்தின் நடுவில் நிறுத்தினால், எந்த மூலையும் நூறு மீட்டருக்குள்தான். பெயர் பதியும்போது நாலு கேள்வி கேளுங்கள்: மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறதா, தலை சுற்றி விழுந்ததுண்டா, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா, சுகர் பிரஷர் மாத்திரை உண்டா. ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டர் கடிதம் கட்டாயம். இரண்டு மாதமாவது தொடர்ந்து மெதுவாக ஓடிப் பழகியவர்களை மட்டும் கடிகாரத்துக்கு எதிராக விடுங்கள். மற்றவர்கள் அன்றைக்கு வேடிக்கை பார்க்கட்டும். வேடிக்கை பார்த்தவர்தான் அடுத்த மாதம் ஓடுவார்.

செலவு பெரிதாக இல்லை. தடத்தில் நாலு சுற்று 1600 மீட்டர், மீதி ஒன்பது மீட்டர் சொச்சத்துக்கு முடிவுக் கோட்டிலிருந்து பின்னால் தள்ளித் தொடக்கக் கோடு போட வேண்டும். ஃபோனில் காட்டும் தூரத்தை நம்பாதீர்கள், வட்டத்தில் ஓடும்போது அது கண்டபடி சொல்லும். மண் தடம் என்றால் உள்கோட்டை ஒரு முறை டேப் வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் மைதானம் 400 என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தது, அளந்தபோது 388-தான் வந்தது! (அந்த 11.52-ஐ அளந்த கோட்டில் ஓடியிருந்தால் 12.15-க்கும் மேலேதான் வந்திருக்கும். அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.) பதினைந்து பேருக்கு ஒரு ஓட்டம் என்று, அவரவர் சொல்லும் நேரத்தை வைத்துப் பிரித்துவிடுங்கள். பன்னிரண்டு நிமிடக்காரர் பன்னிரண்டு நிமிடக்காரர்களோடு ஓடட்டும். அப்போதுதான் கடைசி ரவுண்டில் ஊரே பார்க்க ஒருவர் மட்டும் தனியாகச் சுற்றுகிற அவமானம் இருக்காது. சுற்று எண்ண அந்தப் பையன்களே வருவார்கள். பதக்கம் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்தால் போதும்.

நியூயார்க்கில் 1981-லிருந்து ஐந்தாவது அவென்யூவில், 80-ஆம் தெருவிலிருந்து 60-ஆம் தெரு வரை, நேர்கோட்டில் மைல் ஓடுகிறார்கள். உலக வீரர்கள் ஓடும் அதே சாலையில் வயதுவாரியாகச் சாதாரண ஆட்களும் ஓடுகிறார்கள். மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்தே ஐந்தைந்து ஆண்டாகப் பிரிக்கும் முறை இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். நாற்பது முதல் அறுபது வரை எல்லோரையும் "வெட்டரன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 41-க்கும் 58-க்கும் நடுவில் ஒரு யுகம் இருக்கிறது.

இதைப் படித்துப் பார்த்த என் மனைவி, "ஆம்பளைங்களுக்கு ஓடுறதுக்கு ஷூ, வாட்ச், இப்ப ஒரு லெட்டர் வேற. நாங்க அஞ்சரை மணிக்கு அடுப்படியில நிக்கிறது யாரு கணக்கு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பெண்களுக்கும் வையுங்கள், அதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். காலை டிபனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதை அவள் இன்னும் நம்பவில்லை.

உங்கள் அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதல் நாள் மாலையில், டீ-ஷர்ட் கொடுக்கும் நேரத்தில், மைதானம் சும்மாதானே கிடக்கும். ஒரு முறை நடத்திப் பாருங்கள். அதற்குள் நேரில் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் மைதானத்துக்கு வாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 5.45. இப்போதைக்கு ஏழு பேர் ஓடுகிறோம். மிலிட்டரிக்காரர் விசில் ஊதுவார், நோட்டில் எழுதுவார். சுண்ணாம்புக் கோடு நான் முந்தின நாளே போட்டு வைத்துவிடுவேன், மழை வந்தால்தான் விடியற்காலையில் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
52 வயது, 8 நிமிடம் 41 விநாடி (அளந்த தடத்தில்)