அன்னத்து வயித்துல சக்கரம்

நங்கநல்லூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சேதுவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்ட்டாங்கன்னு பதறியிருப்பே. யாரும் போகல. மொதல்ல வாட்ஸப்லதான் ஆரம்பிச்சேன். அதுல அனுப்பினா ரெண்டு நீல டிக்கைக் காட்டிட்டு நீ தூங்கப் போயிடுவேன்னு பாதியிலேயே தோணிடுச்சு. தபால்னா பதில் போட்டே ஆகணும்னு உங்கப்பா வளர்த்த புள்ளை நீ.

இங்கே சௌக்கியம். பத்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு, இப்போ மாடிப்படியில என்னை முந்துறா. எனக்கு சுகர். உனக்கும்தான்னு மேத்தா சொன்னான். போன மாசம் வந்திருந்தான். அதே பெல்ட், அதே கடைசி ஓட்டை. "சேதுகிட்ட பேசுறியா"ன்னு கேட்டான். "ம், அப்பப்போ"ன்னேன். அந்தப் பொய்க்குப் பரிகாரமா ரெண்டாவது காபியும் குடுத்து அனுப்பினேன்.

விஷயம் நம்ம பொண்ணு நித்யாவைப் பத்தி. நீ ஃபிராங்ஃபர்ட்லேர்ந்து 747 பொம்மை வாங்கிட்டு வந்து கெடுத்தியே, அதே நித்யா. இப்போ எஃப்.ஓ., வலது சீட்டுத் துணை பைலட். கேப்டன் ஆகற கமாண்டுக்கு வாசப்படியில நிக்கறா. இந்த நேரம் பார்த்து அவ கம்பெனியை இன்னொரு கம்பெனியோட சேர்க்கப் போறாங்களாம். பேர் எழுதல, நீ பேப்பர் படிக்கறவன்தானே. பைலட்டுகளையெல்லாம் ஒரு ஹோட்டல்ல கூட்டி வெச்சு, கோட்டு போட்ட ஒருத்தர் "இனி நாம ஒரே குடும்பம்"னு பேசியிருக்கார். இவ எழுந்து, "சீனியாரிட்டி லிஸ்டை எப்படி சார் சேர்ப்பீங்க"ன்னு கேட்டிருக்கா. எல்லாம் 'ஹார்மனைஸ்' பண்ணப்படும்னு பதில். 2007-ல உங்க ஏர் இந்தியாவையும் எங்க இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்த்தப்போ நமக்கு 'சினர்ஜி' வாசிச்சாங்க, இவங்களுக்கு ஹார்மோனியம்.

அன்னிலேர்ந்து வீட்டுல வேற பேச்சே இல்ல. பத்மா ஒரு நாள், "அது என்னடி, ஒரு நம்பருக்காக சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கே"ன்னு கேட்டா. நான்தான் விளக்கினேன். ரெண்டு ரேஷன் கடைன்னு வெச்சுக்கோ. ஒரு கடையில விடியக்காலம் 4 மணிக்கே வந்து கல்லு வெச்சு இடம் பிடிச்சவ, இன்னும் 50 பேருக்குப் பின்னாடி நிக்கறா. அடுத்த தெரு கடையில 6 மணிக்கு வந்தவ, அங்கே கூட்டம் கம்மி, கடைக்காரன் சுறுசுறுப்பு, மூணாவது ஆளா நிக்கறா. திடீர்னு ரெண்டு கடையையும் ஒண்ணாக்கி ஒரே வரிசைன்னுட்டா யாரு முன்னாடி? பத்மா யோசிக்கவே இல்ல, "4 மணிக்கு வந்தவதான்"ன்னா. அப்புறம் அவளே, "ஆனா மூணாவதா நிக்கறவளை அம்பது பேருக்குப் பின்னாடி போன்னா அவ சும்மா விடுவாளா?"ன்னா. பாத்திரம் கழுவிட்டு வந்து மூணாவதா ஒண்ணு கேட்டா பாரு: "இதை முடிவு பண்றவர் எந்த வரிசையில நிக்கறார்?"

சேது, இவளை மெர்ஜர் கமிட்டியில போட்டிருக்கலாம்டா. நமக்கு ஜஸ்டிஸ் தர்மாதிகாரி கமிட்டியைப் போட்டதே 2011-ல, அறிக்கை வந்தது 2012 ஜனவரியில. தாலி கட்டி நாலு வருஷம் கழிச்சு ஜாதகம் பார்த்த கதை. அதுவரைக்கும் உங்க லிஸ்ட் உங்களுக்கு, எங்க லிஸ்ட் எங்களுக்கு. எங்க ஃப்ளைட் நம்பர் 2011 வரைக்கும் இந்தியன் ஏர்லைன்ஸோட பழைய 'ஐசி' எழுத்துலதான் ஓடிச்சு. வால்ல மட்டும் உடனே பெயின்ட் அடிச்சாச்சு. சிவப்பு அன்னம், அதுக்குள்ள எங்க கோனார்க் சக்கரம். நீ கேட்டது ஞாபகம் இருக்கா? "சக்கரம் அன்னத்து மேல சவாரி போகுதா, இல்ல அன்னம் முழுங்கி அஜீரணமா?" அன்னிக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. இப்போ நினைச்சா சிரிப்பு வருது.

நித்யாகிட்ட ஒரு எக்செல் ஷீட் இருக்கு. தன் நம்பரை மூணு கணக்குல போட்டு வெச்சிருக்கா. சேர்ந்த தேதிப்படின்னா 640. ரெண்டு லிஸ்டையும் விகிதாசாரப்படி கலந்தா 1,100-க்கு அந்தாண்ட. மூணாவது கணக்குக்கு 'ஸ்டேப்பிள்'னு தலைப்பு. அதாவது வாங்கின கம்பெனி லிஸ்டோட கடைசிப் பக்கத்துல மத்தவங்க லிஸ்டை வெச்சு ஸ்டேப்ளர் அடிக்கறது. 2001-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டி.டபிள்யூ.ஏ.ங்கற இன்னொரு ஏர்லைனை வாங்கினப்போ டி.டபிள்யூ.ஏ. ஊழியர்கள் நிறைய பேருக்கு இதான் ஆச்சு. அதுக்கப்புறம்தான் 2007 கடைசியில லிஸ்டை நியாயமா சேர்க்கணும்னு அங்கே சட்டமே வந்துச்சாம். ராத்திரி 11 மணிக்கு இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கறா. நான் ஒழுங்கா சிம்முக்கு, அதான் சிமுலேட்டர் டெஸ்டுக்குப் படின்னா, "சிம்ல பாஸ் பண்ணி எந்த சீட்டுல உக்காரப் போறேன்ப்பா"ங்கறா.

விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போயேன்னு பத்மா சொல்றா. உனக்குத் தெரியும் அந்தக் கதை. எஃப்.ஓ.வுக்கு 6 மாச நோட்டீஸ், கமாண்டரா இருந்தா 12. அதைக் கழிச்சுப் போனாலும் புதுக் கம்பெனியில கடைசி ஆள். எந்த ஊர்ல பேஸ், எப்போ லீவு, எப்போ வைட்பாடி பெரிய பிளேன், எல்லாத்துக்கும் மறுபடி மொதல்லேர்ந்து நிக்கணும். டாக்டரோ வக்கீலோ அனுபவத்தை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறான். நாம ஆயிரக்கணக்கான மணி நேரத்தை லாக்புக்ல தூக்கிட்டுப் போனாலும் வரிசையில கடைசிதான்.

இது வரைக்கும் நான் பொண்ணு பக்கம். இதுக்கப்புறம்தான் இடிக்குது.

ஃப்ளையிங் ஸ்கூல்ல அவகூட ஒரே ரூம்ல இருந்த ஆர்த்தி, நம்ம வீட்டுக்கு வந்து பத்மா ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிச்ச பொண்ணு, அந்தப் பக்கக் கம்பெனியில இருக்கா. இவளைவிட எட்டு மாசம் பின்னாடி சேர்ந்தவ. ஆனா அவங்க சரசரன்னு பிளேன் வாங்கினாங்க, கமாண்டும் சீக்கிரம் வந்துடுச்சு. இப்போ இடது சீட், கேப்டன். சேர்ந்த தேதிப்படி லிஸ்ட் போட்டா, நாலு பட்டை போட்ட ஆர்த்தி மூணு பட்டை போட்ட நித்யாவுக்குக் கீழே. "நான் முன்னாடி சேர்ந்தேன்ப்பா, இதுல என்ன தப்பு?"ங்கறா இவ. "நான் உக்காந்திருக்கிற சீட்டை எதுக்குக் கேக்கறே?"ங்கறா அவ. ஸ்பீக்கர்ல நடந்த சண்டை, நான் ஹால்ல பேப்பருக்குப் பின்னாடி. ரெண்டு பேரும் சரியாத்தான் பேசினாங்க. பேசி முடிச்சதும் நித்யா போனை சோபாவுல எறிஞ்சா. மூணு வாரமாச்சு, பேச்சு கிடையாது.

அமெரிக்கா வெஸ்ட் (மேற்கு), யூ.எஸ். ஏர்வேஸ் (கிழக்கு)னு ரெண்டு அமெரிக்கக் கம்பெனி கேஸைச் சொல்லிப் பார்த்தேன். 2005-ல சேர்ந்தாங்க. 2007 மே மாசம் மத்தியஸ்தர் நிக்கோலாவ் தீர்ப்பு குடுத்தார். ஆள்குறைப்புல வீட்டுக்கு அனுப்பப்பட்ட கிழக்குப் பக்கத்து ஆள், 16 வருஷத்துக்கு மேல சர்வீஸ், சேர்ந்து சில மாசமே ஆன மேற்குப் பக்கத்து ஆளுக்குப் பக்கத்துல போய் விழுந்தான். கிழக்கு ஆளுங்கதான் மெஜாரிட்டி. 2008-ல பழைய சங்கத்தை ஓட்டுப் போட்டு விரட்டிட்டு சொந்தமா ஒரு சங்கம் வெச்சாங்க, மேற்கு ஆளுங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கடைசியா ஒரே லிஸ்ட் வந்தது 2016-ல, அதுவும் இன்னொரு கம்பெனியோட சேர்ந்த பிறகு. ஒரே பெயின்ட் அடிச்ச பிளேன்ல 10 வருஷத்துக்கு மேல கிழக்கு க்ரூ தனி, மேற்கு க்ரூ தனி. நித்யா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ அந்தத் தீர்ப்புதானே தப்பு?"ன்னா. கேட்டது யாரு மாதிரி இருந்துச்சு தெரியுமா? 2012-ல நான் பேசினது மாதிரி. அதே மூக்கு விடைப்பு.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

நீங்க 2012 மே மாசம் 'உடம்பு சரியில்ல'ன்னு வேலைக்கு வராம உக்காந்தீங்க. புது டிரீம்லைனர் பிளேன் டிரெய்னிங்ல எங்களுக்குப் பாதி இடம்னது பொறுக்காம உக்காந்தீங்கன்னு நாங்க பேசினோம். அதுக்கு மொத வருஷம் எங்க ஆளுங்க 10 நாள் ஸ்ட்ரைக். நீங்க 58 நாள். ஜூலையில முடிஞ்சு, செப்டம்பர்ல மொத பிளேன் வந்துச்சு, எனக்கு அதுல சீட்டும் கெடைச்சுது. நடுவுல பாண்டியன் வீட்டுக் கல்யாணம். பந்தியில, எல்லார் காதுலயும் விழற மாதிரி, "58 நாள் காய்ச்சலுக்கு எந்த டாக்டர்டா சர்ட்டிபிகேட் குடுத்தான்?"னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீ பாயசத்தைத் தொடாம இலையை மூடிட்டு எழுந்து போனே.

அந்த 27 டிரீம்லைனரையும் மெர்ஜருக்கு முன்னாடியே ஏர் இந்தியா ஆர்டர் பண்ணிடுச்சு, அதை நம்பித்தான் உங்க பசங்க வருஷக்கணக்கா வலது சீட்டுல காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு நீ எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கே. நான் காதுல வாங்கினதே இல்ல. கேக்கறதுக்கு முன்னாடியே எனக்குப் பதில் ரெடியா இருந்துச்சு. ஸ்ட்ரைக் பண்ணின உங்க பைலட்டுகள்ல 100 பேருக்கு மேல வேலை போச்சுன்னு நியூஸ் வந்த அன்னிக்கு, லிஸ்ட்ல உன் பேர் இருக்கான்னு நாலு பேருக்குப் போன் போட்டு விசாரிச்சேன். உனக்கு மட்டும் போடல. இல்லைன்னு தெரிஞ்சதும் நிம்மதியா சாப்பிட்டுப் படுத்துட்டேன்.

அப்புறம் ஒரு ராத்திரி செக்டர். பக்கத்துல உங்க பக்கத்துப் பையன், நல்ல பைலட். ஏழு மணி நேரத்துல செக்லிஸ்ட்டைத் தவிர ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. இறங்கும்போது ஒரு இடத்துல என் ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தி. அவன் சொன்னான், ஆனா ஒரு நொடி லேட்டா சொன்னான். நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா தெரியல. ஒண்ணும் ஆகல, வழக்கமான லேண்டிங், உன்னோட உருளைக்கிழங்கு லேண்டிங்கைவிட நல்லாவே இருந்துச்சு. ஆனா அந்த ஒரு நொடி இப்போ ராத்திரியில எனக்கு வருதுடா. லிஸ்ட் எப்படிப் போட்டாலும், ரெண்டு வருஷத்துல ஆர்த்தி இடது பக்கமும் நித்யா வலது பக்கமும் ஒரே பிளேன்ல உக்காருவாங்க. பின்னாடி 180 பேர். மழை, குறுக்குக் காத்து, இவ வாயைத் திறந்து சொல்ல வேண்டிய நேரம். நம்பர் 640-ஆ 1,100-ஆங்கறது அப்போ எங்கே போய் நிக்கும்?

இதை நான் சொன்னா, "நீங்க அப்போ என்ன பண்ணீங்கப்பா?"ன்னு கேப்பா. கேட்டும் கேட்டுட்டா. அதனால நீ பேசு. சமாதானம் பண்ணி வைக்காத, உனக்கு அது வராது. உங்க பக்கத்து வாதத்தை முழுசா, எனக்குச் சொன்ன மாதிரியே, கோவத்தோட சொல்லு. ஆர்த்தி சொல்ல வர்றது அதுதான், ஆனா ஆர்த்தி வாயால வந்தா இவ கேக்க மாட்டா. நீ சொன்னா கேப்பா, 747 கணக்குல உனக்கு இன்னும் மரியாதை இருக்கு.

வர்ற வியாழக்கிழமை அவளுக்கு ரெண்டு நாள் ஆஃப், கோயம்புத்தூர் வர்றா. வடவள்ளிக்கு எந்த பஸ்னு என்னைக் கேட்டா, எனக்குத் தெரியலைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. 11 வருஷமா உன் வீட்டுக்கு வராத மனுஷன். லலிதாகிட்ட சொல்லி சேமியா பாயசம் வைக்கச் சொல்லு, பொண்ணுக்குப் பிடிக்கும். கூட இன்னொருத்தன் வந்தாலும் வருவான், ஒரு டம்ளர் சேர்த்தே வைக்கட்டும். அவனுக்கு சர்க்கரை போடாம.

உன்,
ரங்கு

பி.கு.: அந்த 747-ஐ அவ இன்னும் வெச்சிருக்கா. ஒரு எஞ்சின் உடைஞ்சுபோச்சு. மூணுலயே பறக்கும்னு நீ சொல்லுவேன்னு அவளே சொல்லிட்டா.